வந்த ஊர், போகும் ஊர்

லாட்ஜ் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. வந்த ஊர், போகும் ஊர். என் கணவர் இரண்டிலும் 'சென்னை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் பேனாவை மூடுகிறவரை நான் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுதந்திர தினம் வெள்ளிக்கிழமையில் விழுந்ததால் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். "நாம ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வரலாமா?" என்று ஆரம்பித்தவர் அவர்தான். மைசூர், ஹம்பி என்று பேச்சு சுற்றி வந்தது. கடைசியில், "தஞ்சாவூரையே நான் ஒழுங்கா பாத்ததில்லையே" என்றார். நாகர்கோவில்காரரான அவர் கல்யாணமான நாளிலிருந்து தஞ்சாவூருக்கு வந்து போனவர்தான். வந்தால் மாமனார் வீடு, சாப்பாடு, தூக்கம், காபி, மறுபடி ராத்திரி ரயில். இப்போது அந்த வீடு இல்லை. அதனால்தான் அவருக்கு ஊரைப் பார்க்க நேரம் கிடைத்தது.

விடியற்காலையில் ரயில் எங்களை இறக்கிவிட்டது. ஆட்டோக்காரர் எங்கள் பையைப் பார்த்துவிட்டு, "பெரிய கோயில், அரண்மனை, எல்லாம் சுத்திக் காட்டட்டுமா சார்?" என்றார். எனக்கு வழி தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பிறந்து இருபத்திரண்டு வருஷம் வளர்ந்த ஊரில் அன்றைக்குத்தான் முதல்முறையாக லாட்ஜில் படுத்தேன். ஜன்னல் வழியே எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. எந்தத் தெருவின் பின்புறம் அது என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

சாயங்காலம் பெரிய கோயில். கருங்கல் தரை சூடு தணிந்து, புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கைடு, 216 அடி விமானத்தைக் காட்டி, இதன் நிழல் தரையில் விழாது என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிழலில்தான் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாண்டி விளையாடினோம். வெயில் சாயச் சாய நிழலோடு கட்டத்தையும் நகர்த்தி நகர்த்திக் கோடு போடுவோம். இவர் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார். சிரித்து வைத்தேன்.

யோசித்துப் பார்த்தால், இங்கே இருந்தபோது இந்தக் கோயிலை நான் பார்த்ததே இல்லை. இருந்தது, அவ்வளவுதான். டியூஷனுக்குப் போகும்போது இடதுபக்கம், திரும்பும்போது வலதுபக்கம். 1010இல் கட்டி முடித்தது என்பது பரீட்சைக்குப் படித்த சங்கதி. ஏறிட்டுப் பார்க்காமலே கடந்து போவது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த சொத்து. அது கைவிட்டுப் போனது அன்று புல்வெளியில் அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன், வெளியூர்க்காரியைப் போல.

கிளம்புமுன் இவருக்கு ஒன்றைக் காட்ட ஆசைப்பட்டேன். திருச்சுற்றுச் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. பள்ளியிலிருந்து அழைத்து வந்தபோது வரலாற்று டீச்சர் சொல்லிக் கொடுத்தது. கோயில் பணிக்காகச் சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பட்டியல் அது. எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் விலாசம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு நூறு கலம் நெல். திருவாரூரிலிருந்து வந்தவர்கள் உண்டு, பழையாற்றிலிருந்து வந்தவர்கள் உண்டு. இதோ இருக்கிற திருவையாற்றிலிருந்து வந்தவர்களும் உண்டு.

"பக்கத்து ஊர்தானே, நெனச்சா போயிட்டு வந்திருப்பாங்க" என்றார் இவர்.

இருக்கலாம். ஆனால் ஊரில் இருக்கும்வரை யாரும் பெயரோடு ஊரைச் சேர்த்துச் சொல்வதில்லை. திருவையாற்றில் இருந்தவரை அவள் திருவையாற்றுக்காரி இல்லை, வெறும் பெயர்தான். ஐந்து ஆறு தாண்டி வந்த பிறகுதான் ஊர் அவள் பெயரோடு வந்து ஒட்டியது. எங்கள் அடுக்குமாடியில் எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது: தஞ்சாவூர் அக்கா.

மறுநாள் அரண்மனைக் கலைக்கூடம். வெண்கலச் சிலைகளுக்கு நடுவே இவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். திருவெண்காட்டு ரிஷபவாகனர். கால் மாற்றி நின்று, பாம்பு சுற்றிய தலைப்பாகையோடு, ஒரு கையை மடக்கிச் சாவகாசமாக ஊன்றியிருக்கிறார் சிவன். ஊன்றியது காளையின் மேல். அந்தக் காளைதான் இல்லை. பக்கத்தில் அம்பாள். அவரை வார்த்தது 1011இல், அம்பாளை அடுத்த வருஷம், 1012இல். மண்ணுக்கடியில் பல காலம் கிடந்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து தஞ்சாவூர் வந்துவிட்டார்கள். காளை எங்கே போயிற்றோ. கை மட்டும் அது இன்னும் அங்கேதான் நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

"கீழ விழாம எப்படி நிக்கிறார் பாரு" என்றார் இவர்.

"பழகிப்போச்சு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு இட்லியும் கடப்பாவும். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்டுத் தேங்காய் அரைத்துவிட்ட அந்த வாசனைக்கு எனக்குப் பசி இரட்டித்தது. "உங்க அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு" என்று ஊற்றிக்கொண்டார். அம்மாவுடையது இன்னும் கொஞ்சம் தளர இருக்கும். சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து அவரே கேட்டார்: "மேல வீதிப் பக்கம் போயிட்டு வருவமா?" இரண்டு நாளாக அவர் கேட்டுவிடக்கூடாது என்றும், கேட்க மாட்டாரா என்றும் இருந்தேன்.

சந்துக்குள் நுழைந்ததும் கால் தானாகத் திரும்பியது. அப்பா காலமான பிறகு அண்ணனும் நானும் சேர்ந்துதான் விற்றோம். யாரையும் குறை சொல்ல வழியில்லை. வாங்கினவர்கள் இடித்துவிட்டார்கள். இன்னும் கட்டவில்லை. காலி மனையில் இரண்டு கார்கள் நின்றன. அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். எங்கள் வீடு போய்விட்டது. பக்கத்து வீட்டோடு ஒட்டியிருந்த சுவர் மட்டும் நிற்கிறது. அதில் அப்பா பொங்கலுக்குப் பொங்கல் நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு. மாடிப்படி ஏறிப்போன சாய்வு பல் பல்லாகத் தெரிந்தது. அடுப்படி இருந்த இடத்தில் கரி. என் தலைக்குமேல், கைக்கெட்டாத உயரத்தில், ஒரு மாடக்குழி. நாங்கள் விளக்கு வைத்த மாடக்குழி. சின்னப் பெண்ணாக இருந்தபோதே எட்டித் தொட்டதுதான். வீட்டுக்குள் தரை எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் கணக்குத் தெரிந்தது.

சுவரில் கை வைத்தேன். வெயில் ஏறாத நேரம், ஜில்லென்று இருந்தது. உள்ளங்கையில் நீலப் பொடி ஒட்டிக்கொண்டது. இவர் போட்டோ எடுக்கப் போனை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, பையில் போட்டுக்கொண்டார்.

"யாரைப் பாக்கணும்?" என்று அடுத்த வாசலிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"யாரையும் இல்லப்பா. சும்மா."

திரும்பும் வழியில் தெருமுனையில் கதம்பம் வாங்கினேன். மரிக்கொழுந்து தூக்கலாக வைத்துக் கட்டியிருந்தாள் அந்தப் பெண். முழம் போடும்போது அவள் கை நீளம்தான் கணக்கு, தாராளமாகத்தான் போட்டாள். ராத்திரி ரயிலில் ஈரத்துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். கம்பார்ட்மென்ட் முழுக்க மணம்.

திங்கட்கிழமை காலை லிஃப்டில் மூன்றாம் மாடிப் பெண் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "தஞ்சாவூர் அக்கா, ஊருக்குப் போயிருந்தீங்களா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வந்தேன்.

"இல்லம்மா. சுத்திப் பாக்கப் போயிருந்தோம்."