எந்தக் கரை?

நெய்தல் நிலத்து மக்கள் யாவர் என்று வினவின், பரதவர், நுளையர், திமிலர் என விடை எழுதுதல் தமிழ் பயிலும் மாணவர்க்கு எளிது. யாமும் அவ்வாறு எழுதி நன்மதிப்பெண் பெற்றவரே. ஆயின் அப்பெயர்க்குரியார் நம் கடற்கரையில் இன்றும் வாழ்கின்றனர் என்பதனை யாம் நினைத்தோமில்லை. நினைக்க விரும்பினோமில்லை என்பதே மெய்.

சென்ற வேனில் விடுமுறையில், விடுதியில் எம்முடன் உறையும் நண்பர் தம் ஊராகிய ஜெகதாப்பட்டினத்திற்கு எம்மை அழைத்துச் சென்றார். அது புதுக்கோட்டை மாவட்டத்தில், கோட்டைப்பட்டினத்திற்கு அணித்தாகப் பாக்கு விரிகுடாவைக் கிழக்கே நோக்கி அமைந்த ஊர். 1974-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை தனி மாவட்டமாகும் முன்னர் அக்கரை தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. யாம் சென்றது மீன்பிடித் தடைக் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலிற் செல்லலாகா. ஆதலின் படகுகள் வரிசையாக ஓய்ந்து நிற்க, கரையெங்கும் வலை செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது.

நண்பருடைய பாட்டனார் ஒரு கொட்டகை நிழலில் அமர்ந்து கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார். யாம் அருகில் அமர்ந்தோம். அவர் வெற்றிலை மடிக்கும் பொருட்டு ஊசியைக் கீழே வைத்தார். யாம் அதனை எடுத்து, எம்மையறியாமலே நான்கைந்து கண்களை முடிந்துவிட்டோம். முதியவர் எம் கையைப் பார்த்தார். பின் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, எந்தக் கரை?” என்றார்.

அன்பர்காள், இங்கு யாம் ஒன்று சொல்லவேண்டும். கல்லூரியிற் சேர்ந்த நாள்முதல் எம் தந்தையார் வணிகர் என்றே சொல்லி வந்தோம். மீன் விற்றலும் வணிகமேயன்றோ, ஆதலின் இது பொய்யன்று என எம் மனத்தைத் தேற்றியும் வைத்திருந்தோம். உடன் பயில்வோர் சிலர் மீன் நாற்றம் பற்றி நகையாடியபோது யாமும் சேர்ந்து நகைத்ததுண்டு. எம் நண்பரோ தம் குடியை ஒருநாளும் மறைத்தாரல்லர். அவர் எதிரேயே அவ்வினா எழுந்தது.

“வேம்பார், தாத்தா” என்றோம். நண்பர் வியந்து எம்மை நோக்கினார். முதியவரோ வியந்தாரல்லர். “முத்துக்குளித்த கரை! அதுதான் கை பேசுகிறது” என்று சொல்லி, வலையின் மற்றொரு தலைப்பை எம்மிடம் தள்ளினார்.

அன்று மாலைவரை அவர் எமக்குக் கற்பித்தது எந்நூலினும் யாம் கல்லாதது. மேட்டு நிலத்தார் எல்லாரையும் ‘மீனவர்’ என்ற ஒரு சொல்லால் அழைத்துவிடுகின்றனர். கரையிலுள்ளாரோ அவ்வாறு தம்மை எண்ணுவதில்லை. சென்னை தொட்டுத் தெற்கே சோழமண்டலக் கரையில் வாழ்வோர் பட்டினவர். பட்டினத்தில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள். எட்கர் தர்ஸ்டன் என்பார் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குடிகள் பற்றிய நூல், அவருள் பெரிய பட்டினவர், சின்னப் பட்டினவர் என்னும் இரு பிரிவுகளைக் குறிக்கின்றது. நண்பர் குடும்பத்தார் பட்டினவரே. இராமேசுவரத்தைச் சூழ்ந்து சிப்பியும் சங்கும் எடுத்துச் சுண்ணாம்பு சுட்டோர் கடையர். வேம்பார் முதல் மணப்பாடு வரை முத்தும் சங்கும் குளித்தோர் எம் குடியினராகிய பரவர். குமரிக்கு மேற்கே மலையாளக் கரையைத் தொடர்ந்து வாழ்வோர் முக்குவர். ஏரியிலும் ஆற்றிலும் மீன் பிடிக்கும் செம்படவர் கடலுக்குரியாரல்லர். ஒவ்வொரு குடிக்கும் தனிக் கரை, தனி மரக்கலம், தனி ஊர்க்கட்டுப்பாடு உண்டு. எங்கள் மன்னார்க் கடலின் அலைக்கு ஏற்ற வள்ளம் வேறு. ஆழங்குறைந்த இவ்விரிகுடாவின் பாய் வத்தை வேறு.

சமயமும் கரைக்கேற்ப வேறுபட்டது. பரவர் 1530-களில் கிறித்துவத்தைத் தழுவினர்; 1542-ல் தூய சவேரியார் அவரிடை வந்தார். அம்மக்களின் பொருட்டு அண்டிரிக்கு அடிகளார் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சேறிற்று. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சு வாகனம் ஏறியது தமிழே என்று யாம் மேடைதோறும் பெருமை பேசினோம். அந்நூல் எம் பாட்டன்மாருக்காக அச்சிடப்பட்டது என்பதனை மட்டும் ஒருநாளும் சொன்னோமில்லை.

பொழுது சாய்ந்தபின் முதியவர் கிழக்கே கையைக் காட்டினார். “அங்கே யாழ்ப்பாணம். அவர்களும் கரையார்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு நாம் வைத்த பெயர்தான் அவர்களுக்கும்” என்றார். 1974-லும் 1976-லும் இரு நாட்டரசுகளும் செய்த உடன்படிக்கைகள் அக்கடலின் நடுவே எல்லைக்கோடு வகுத்தன. கோட்டைக் கடந்தமைக்காக இக்கரையோர் சிறைப்படுவதை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். கடலடியை வாரும் இழுவை வலையால் அக்கரையோரின் வலைகள் அறுபடுவதையோ நாம் அத்துணை படிப்பதில்லை. 2017-ல் இலங்கை அரசு அவ்வகை மீன்பிடியைச் சட்டத்தால் தடுத்தது. முதியவர் இருபாலையும் மறையாது கூறினார். “நம் பிள்ளைகள் பிடிபட்டால் வயிறு எரிகிறது. அவன் வலை அறுந்தால் அவன் வீட்டிலும் அப்படித்தானே எரியும்?” என்றபோது, அவர் குரல் தாழ்ந்தது. கடனுக்கு வாங்கிய விசைப்படகு அவர் மகனுக்கும் உண்டு.

ஒரு குடியின் பெயரையும் கரையையும் அறிந்தவர்க்கே அதன் துயரும் விளங்கும் என்பதனை அன்று கண்டோம். ‘மீனவர்’ என்று பொதுப்படச் சொல்லிக் கடந்துபோவார்க்கு அக்கரையார் பகைவர்; இக்கரையார் வெறுஞ் செய்தி. பெயர் அறிந்த முதியவர்க்கோ இருவரும் உறவினர். மீன்பிடித் தொழிலரான பேதுரு தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார் என்று வேதம் கூறும். யாம் எம் தந்தையாரை இரண்டாண்டாக நாள்தோறும் மறுதலித்தோம்.

விடுமுறை கழிந்து வகுப்புத் தொடங்கியது. நெய்தற் பாடம் நடந்த ஒருநாள், பரதவர் தொழிலைப் பற்றி ஆசிரியர் ஒரு வினா எழுப்பினார். யாம் எழுந்தோம். விடையைச் சொல்லும் முன், “ஐயா, யாம் வேம்பார்க் கரையினர், எம் தந்தையார் கடலுக்குப் போகிறவர்” என்றோம். ஒருவரும் நகைத்திலர். பின்வரிசையில் நண்பர் மட்டும் முறுவலித்தார்.