ஒன்பது இரவுகள்

புளியங்குடிக்காரர்களுக்கு எலுமிச்சையைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேற்கு மலையடிவாரத்துத் தோட்டங்களில் காய்த்து, ஊர்ச் சந்தையில் குவிந்து, மூட்டை மூட்டையாக லாரி ஏறும் அந்தக் கனியின் மணத்திலேயே அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவரும் வளர்ந்தோம். 1992ஆம் ஆண்டு தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் சென்று துபாய்க்கு விமானம் ஏறியபோது, அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் எங்கள் பையில் இருந்தது.

தொழிலாளர் குடியிருப்பில் அந்தந்த நாட்டினரை ஒன்றாகத் தங்க வைப்பதே வழக்கம். ஆயினும் நாங்கள் சென்ற நாளில், பிலிப்பைன்ஸ் நாட்டவர் அறுவர் தங்கிய அறையில்தான் இரண்டு கட்டில்கள் காலியாக இருந்தன. முதல் இரவு எவரும் எவரோடும் பேசவில்லை. ஊறுகாயைத் திறந்தபோது, அவர்களுள் மூத்தவர் எழுந்து வந்து முகர்ந்து பார்த்து, "கலமன்சி" என்றார். அது அவர்கள் நாட்டுச் சிற்றெலுமிச்சையாம். மீனுக்கும் பிழிவார்கள், சேமியாவுக்கும் பிழிவார்கள். அவரை அறையில் எல்லாரும் ‘கூயா’ என்று அழைத்தனர். அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள். நாங்களும் அவ்வாறே அழைக்கலானோம்.

கூயாவின் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருக்கும். சோப்பு, டப்பாவில் அடைத்த இறைச்சி, மிட்டாய், பிள்ளைகளுக்குக் காலணி என மாதக்கணக்கில் நிரப்பிக் கப்பலில் அனுப்புவார். ‘பாலிக்பாயன்’ பெட்டி, அதாவது ஊர் திரும்புவோர் பெட்டி, என்பது அதன் பெயர். திரும்புவது பெரும்பாலும் பெட்டி மட்டுந்தான். மகனின் பாதத்தைத் தாளில் வரைந்து மனைவி அனுப்புவார். அந்த அளவுக்கு வாங்கிய காலணி வீடு போய்ச் சேர்வதற்குள் பாதம் வளர்ந்துவிட்டிருக்கும். அடுத்த கடிதத்தில் இன்னொரு தாள் வரும்.

1974ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் முதல் அயல்நாட்டு வேலையை அவர்கள் அரசே முறைப்படுத்தி வளர்த்தது. 1988இல் ஆங்காங்கில் வீட்டுவேலை செய்த பெண்களிடம் அதிபர் கொராசோன் அக்கினோ, அவர்களைப் ‘புதிய வீரர்கள்’ என்று போற்றினார். நம்மையோ அரசு கடவுச்சீட்டு முத்திரையால் அறிந்தது. ஊரார் ‘துபாய்க்காரர்’ என்றனர். "வீரருக்கு விடுப்பு உண்டா என்றுதான் தெரியவில்லை" என்று கூயா சிரிப்பார்.

1994ஆம் ஆண்டு மே மாதம், ஒரு புதன்கிழமை இரவு, எங்கள் தந்தையார் இறைவனடி சேர்ந்தார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. கடவுச்சீட்டுகள் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்தன. சாவிக்குரியவர் சனிக்கிழமைதான் வருவார் என்றார்கள். கத்திரி வெயிலில் ஊரார் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? வியாழன் மாலையே அடக்கம் முடிந்தது. ஆண்மக்கள் இருவர் இருந்தும், கல்லறையில் முதல் பிடி மண்ணை இட்டவர் எதிர்வீட்டு மாமா.

அன்று இரவு வேலை முடிந்து வந்தபோது, அறையின் நடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் வைத்திருந்தார் கூயா. இறந்தவருக்காக ஒன்பது இரவுகள் செபிக்கும் அவர்கள் வழக்கத்துக்குப் ‘பசியாம்’ என்று பெயர். ‘சியாம்’ என்றால் ஒன்பது. நமக்கோ அச்சொல் பசியைத்தான் நினைவூட்டியது. உண்மையில் ஒவ்வோர் இரவும் செபமுடிவில் வந்தவர்க்கெல்லாம் உணவும் இட்டார்கள். தந்தையாரின் பெயரைக் கேட்டார்கள். ‘அருளப்பன்’ அவர்கள் நாவில் நிற்கவில்லை. ‘தாதாய்’ என்றே செபித்தார்கள். அப்பா என்று பொருள். ஒரு தட்டில் சோறும் எங்கள் ஊறுகாயும் வைத்து, அது அவருக்கு என்றார்கள். அதுவரை அழாதிருந்த நாங்கள், அந்தத் தட்டைப் பார்த்து அழுதோம்.

வெள்ளியன்று மரியன்னை ஆலயத்துக்குச் சென்றோம். 1967இல் ஷேக் ராஷித் அளித்த நிலத்தில் எழுந்த ஆலயம் அது. ஞாயிறு வேலைநாளாயிருந்த அக்காலத்தில் வெள்ளியே எங்களுக்கு ஞாயிறு. கூயா தம் தோழர்களிடம் சொல்லி ஒரு தொகை திரட்டி எங்கள் கையில் வைத்தார். அவருடைய பெட்டி அம்முறை கப்பலேறத் தாமதமாயிற்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

2008இல் நாங்கள் ஊர் திரும்பினோம். கூயா அங்கேயே இருந்தார். 2021இல் அவருடைய மகள் கைப்பேசியில் செய்தி அனுப்பினார்: தந்தை துபாயில் காலமானார், விமானங்கள் சரிவர இல்லாத காலம், வீட்டாரால் அடக்கத்துக்குச் செல்ல இயலவில்லை.

அன்றிரவே திண்ணையில் மெழுகுதிரி ஏற்றினோம். அவர்கள் செபம் எங்களுக்குத் தெரியாது. தமிழில் செபமாலை சொன்னோம். நான்காம் இரவு, விடியலில் சந்தைக்குப் போய் வந்த களைப்பில் தம்பி பாதியிலேயே உறங்கிவிட்டான். தெருவார் யாருக்கு என்று விசாரித்து, ஏழாம் இரவு முதல் அவர்களும் வந்து அமர்ந்தார்கள். எண்பது கடந்த அம்மா, சோற்றுத்தட்டில் ஊறுகாய் வைத்தபடி, இறந்தவரின் பெயர் என்ன என்று கேட்டார். மகளின் செய்தியைத் திறந்து பார்த்து முழுப்பெயரையும் படித்தோம். இருமுறை முயன்றும் அம்மாவால் அதைச் சொல்ல முடியவில்லை. "பெரியவன்னே சொல்லிக்கிடுதேன்" என்றார்.