பூத் தேதி கேட்டு ஒரு பயணம்

ஸ்ரீநகர்,
ஏப்ரல் முதல் வாரம்



கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடச் சிக்கலானது, துலிப் பூவுக்குத் தேதி பார்ப்பது. கோவையிலிருந்து இங்கே வந்திருக்கும் ஒரு தம்பதி டிசம்பரிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கணவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மனைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இங்குள்ள துலிப் தோட்டம் வழக்கமாக மார்ச் பிற்பகுதியில் திறக்கும், சுமார் ஒரு மாதத்தில் மூடிவிடும். திறந்த அன்றே எல்லாப் பாத்தியும் பூத்திருக்காது. வெயில் ஏறினால் பூ சீக்கிரம் கொட்டும், மழை வலுத்தால் சாய்ந்துவிடும். ஸ்ரீநகரில் அதிகம் மழை பெய்கிற மாதங்களில் மார்ச்சும் ஏப்ரலும் சேர்த்தி. விமான டிக்கெட்டையோ மாதக்கணக்கில் முன்னால் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். கடைசியில் ஏப்ரல் முதல் வாரம் என்று மேலாளர் துணிந்து முடிவெடுத்தார்.

முடிவு பலித்துவிட்டது. ஜபர்வான் மலையடிவாரத்தில் 74 ஏக்கர், படிப்படியாக ஏறும் பாத்திகள், கீழே தால் ஏரி. 2007-இல் திறந்த தோட்டம்; இப்போதெல்லாம் 15 லட்சத்துக்கு மேல் கிழங்கு நடுகிறார்கள். முந்திப் பூப்பது, நடுவில் பூப்பது, பிந்திப் பூப்பது என்று ரகம் பிரித்து நடுவதால்தான் ஒரு மாதம் ஓடுகிறது. ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் நசுங்கியவர்களுக்கு இந்தக் கூட்டம் புதிதல்ல. ஆனால் பூவைப் பார்க்கிறவர்களைவிடப் பூவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவர்கள்தான் அதிகம். பாத்திக்குள் கால் வைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்துக் காவலாளி விசிலை வாயிலிருந்து எடுப்பதே இல்லை.

அந்த விசில் சத்தத்துக்குத் தப்பித்து ஓரமாக ஒதுங்கிய இடத்தில்தான் தோட்டக்காரர் ஒருவர் அகப்பட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இதழ் தளர்ந்த பூக்களைத் தலையோடு கிள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். காம்பும் இலையும் அப்படியே நின்றன. மேலாளருக்குப் பொறுக்கவில்லை. “இன்னும் ரெண்டு நாள் தாங்குமே, எதுக்குக் கிள்ளறாருன்னு கேளு” என்றார் மனைவியிடம். அந்த அம்மா இந்திப் பிரசார சபையில் பிரவீண் வரை எழுதியவர். படித்த இந்தி அன்றைக்குத்தான் பயன்பட்டது.

பூவை விட்டுவைத்தால் விதை கட்டும், சத்தெல்லாம் அங்கே போய்விடும் என்றார் தோட்டக்காரர். கிள்ளிவிட்டால் இலை ஆக்குகிற உணவு கிழங்குக்கு இறங்கும். இலை பழுத்துக் காய்ந்தபின் கோடையில் கிழங்கைத் தோண்டி உலர்த்தி வைத்து, பனி விழுமுன் மறுபடி நடவேண்டும். மண்ணுக்குள் 12 முதல் 16 வாரம் குளிர் வாங்கினால்தான் பூ சரியாக எழும்பும். மேலாளர் உடனே கணக்குப் போட்டார்: “அப்ப நம்ம ஊர்ல நட்டா?” தோட்டக்காரர் சிரித்தார். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஏமாற்றிப் பார்க்கலாமாம்.

பேச்சு முடிவதற்குள் தோட்டக்காரரின் பிளாஸ்க் திறந்தது. கோப்பையில் வந்தது வெளிர் ரோஜா நிறம். ரோஸ் மில்க் என்று நினைத்த மேலாளர் ஒரே வாயில் பாதியைக் குடித்துவிட்டார். உப்பு! துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது; தோட்டக்காரர் வேறு எப்படி இருக்கிறது என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நூன் சாய் என்பது அதுதான். பச்சைத் தேயிலையைச் சோடா உப்பு போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டு, கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றி ஆற்றினால் டிகாக்‌ஷன் கருஞ்சிவப்பாகிறது. பால் சேர்ந்ததும் ரோஜா நிறம். கூடவே உப்பு. காலையில் ஊரே இதைத்தான் தெருமுனை ரொட்டிக்கடையின் சூடான ரொட்டியோடு குடிக்கிறது. தோட்டக்காரரிடமும் எள் தூவிய ரொட்டி இருந்தது. பிட்டு நனைத்துச் சாப்பிடச் சொன்னார். அந்த அம்மா இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கினார். மேலாளரோ அன்று முழுக்கக் காபி காபி என்று புலம்பினார். குங்குமப்பூவும் ஏலக்காயும் பாதாமும் போட்ட கஹ்வா கொடுத்தும் சமாதானம் ஆகவில்லை. பால் இல்லாத பானத்தை அவர் கஷாயக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

துலிப் என்றால் ஹாலந்து என்று நினைத்து வருகிறோம். கிழங்கு அங்கிருந்து இறக்குமதியாவதும் உண்மைதான். ஆனால் இந்த ஊர் வீடுகளின் மண் கூரைமேல் துலிப் பூத்திருந்ததை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவரும் 1620-இல் வசந்தத்துக்கென்றே தேதி பார்த்து மலை தாண்டி வந்தவர். ஓவியர் மன்சூரைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட காஷ்மீர் மலர்களை வரையவைத்தார். டிக்கெட் கவலை அவருக்கு இல்லை. வழியைப் பனி மூடிவிடுமே என்ற கவலை இருந்திருக்கும்.

மறுநாள் நிஷாத் பாக் தோட்டம். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹானின் அண்ணன் ஆசஃப் கான் 1633 வாக்கில் அமைத்தது. பன்னிரண்டு அடுக்கு, நடுவே வாய்க்கால். பேரரசர் ஷாஜஹான் மூன்று முறை புகழ்ந்தும் ஆசஃப் கான் தோட்டத்தைப் பரிசாகக் கொடுக்காததால், பேரரசர் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, பாத்தியில் பூ குறைவாக இருந்தும் அந்த அம்மா எழுந்திருக்க மறுத்துவிட்டார். சினார் மரங்களில் இலை அப்போதுதான் துளிர்விட்டிருந்தது. துலிப் தோட்டம் பார்த்துவிட்டுப் போவதற்குக் கட்டியது. இது வந்து தங்குவதற்குக் கட்டியது. ஆனால் மேலாளரின் பட்டியலில் நிஷாத்துக்கு ஒதுக்கியிருந்தது ஒரு மணி நேரம். பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார் அந்த அம்மா.

வர நினைப்பவர்களுக்கு: பாதாம் பூ பார்க்கவேண்டுமானால் மார்ச் நடுவில் பாதாம்வாரி தோட்டம், துலிப்புக்கு ஏப்ரல் முதல் பத்து நாள், ரோஜாவுக்கு மே. மூன்றையும் ஒரே பயணத்தில் பிடிக்க முடியாது. துலிப் தோட்டம், சஷ்மே ஷாஹி, பரி மஹல் ஆகிய மூன்று தோட்டங்களும் பக்கம் பக்கம், ஒரு நாள் போதும். ஏரிக்கரையோடு மேலே போனால் நிஷாத், அதைத் தாண்டி ஷாலிமார் தோட்டம்; அவற்றுக்கு இன்னொரு முழு நாள் வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் பல இடங்களை மூடிவைத்தார்கள். அதனால் புறப்படுமுன் எது திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குடை, ஸ்வெட்டர் இரண்டும் அவசியம். மேலாளர் சேர்க்கச் சொன்னது: காபிப் பொடியும் பில்டரும் தவறாமல் எடுத்து வரவும்.