எர்த் சரியா இருக்குதுங்களா?

கடல்மீன் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் பிக்கப் வண்டியில் வருடம் தவறாமல் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் ராத்திரி ஏற்றி, ஈரோடு, சேலம் பக்கம் கடை கடையாக நின்று இறக்குகிற வண்டி. பின்னால் குளிர்பெட்டி கட்டிய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. பேட்டரி விற்றவர் வண்டியைக் குறை சொன்னார். பெட்டி கட்டித் தந்தவர் பேட்டரியைக் குறை சொன்னார். நாமக்கல்லில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், பேட்டரியை இன்ஜின் பக்கத்திலிருந்து எடுத்துச் சேஸில் வைத்துத் தருகிறார் என்று யாரோ சொல்ல, நண்பர் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

லாரிக்கு பாடி கட்டும் ஊர் என்று நாமக்கல்லைத் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் தெரியும். பக்கத்துத் திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கத் துளை போடுகின்றன. இந்தத் தொழிலைப் பற்றி எழுதியவர்கள் தச்சரை எழுதியிருக்கிறார்கள், வெல்டரை எழுதியிருக்கிறார்கள், லாரி முதுகில் கழுகும் தாமரையும் வரைகிற பெயின்டரைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வயரிங் செய்பவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பதால் கண்ணில் படுவதில்லை போலும்.

சேலம் ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. எலக்ட்ரீஷியனுக்கு அறுபது வயது நெருங்கும். பட்டறைப் பையன்கள் அவரை அண்ணா என்கிறார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். சட்டையின் வயிற்றுப் பக்கம் ஆசிட் தெறித்துச் சிறுசிறு ஓட்டைகள். எல்லாச் சட்டையும் இப்படித்தானாம்.

அவர் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. "வண்டியை நிறுத்தி எத்தனை நேரமாச்சுங்க?" என்று கேட்டார். இப்போதுதான் நிறுத்தினோம் என்றதும், கால் மணி நேரம் போகட்டும் என்று டீ வாங்கி வரச் சொன்னார். அப்புறம் பானெட்டைத் தூக்கி, பேட்டரி மேல் என் கையை வைக்கச் சொன்னார். சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

ஓடும்போது முன்னாலிருந்து காற்று அடிக்கிறது. நிறுத்தியதும் காற்று நின்றுபோகிறது, இன்ஜினிலும் டர்போவிலும் இருக்கிற சூடு முழுக்க மேலே கிளம்புகிறது. கடைக்குக் கடை நின்று போகிற வண்டிக்கு நாள் முழுக்க இதே கதை. ஈய–ஆசிட் பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி செல்சியஸை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. அண்ணாவுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. "உள்ள பிளேட்டு உதிருதுங்க. தண்ணி சுண்டிப் போகுது. வெளியில பார்த்தா புதுசாட்டவே இருக்கும்."

இந்த வண்டியில் இன்னொரு சங்கடமும் இருந்தது. குளிர்பெட்டியின் கம்ப்ரசரை இன்ஜினோடு சேர்த்துப் பெல்ட்டில் ஓட்டுகிறார்கள். அதற்குப் பிராக்கெட் போட்டதில் பேட்டரி ஓரமாக நெருக்கப்பட்டு, டர்போவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. பெட்டியின் விசிறிகளுக்காக வைத்த இரண்டாவது பேட்டரியும் அதன் தோளோடு தோளாக. இரண்டும் வெவ்வேறு வயது. பழையது புதியதைத் தின்றுகொண்டிருக்கும் என்றார். இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும்.

கேபினுக்குப் பின்னால் சேஸில் பேட்டரிப் பெட்டி வைக்கும் வேலையை அடுத்த பட்டறை வெல்டர் செய்தார். அளவெடுத்து, வெட்டி, ஒட்டி, உரசி என்று பாதி நாள் போனது. அதில் எனக்குப் பிடிபட்டவை சில: அடியில் ரப்பர் ஷீட், தண்ணீர் வடிய ஓட்டைகள், சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் வெளியேற மேலே இடைவெளி, டீசல் டேங்கும் சைலன்ஸரும் இல்லாத பக்கம். பூட்டும் உண்டு. பானெட்டுக்குள் இருக்கும்வரை பேட்டரிக்குத் திருட்டு பயம் குறைவு. சேஸுக்கு வந்துவிட்டால் லாரிக்காரர்களின் கவலை பிக்கப்காரருக்கும் வந்துவிடும்.

உண்மையான வேலை கேபிளில்தான். பேட்டரி பின்னால் போனால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் பாசிட்டிவ் கேபிள் நாலு மீட்டராகிறது. டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகும் நொடியில் 300 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் என்றால் வழியிலேயே 1.3 வோல்ட் காணாமல் போகும். 50 போட்டால் 0.4தான் போகும். செல்ஃப் இழுக்கிற பாரத்தில் 12.6 வோல்ட் பேட்டரியே பத்துப் பக்கம் இறங்கி நிற்கிறது. அதில் இன்னும் ஒரு வோல்ட் போனால் செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றும். அண்ணா 50தான் போடுவார். செல்ஃப் கேபிளுக்கு வழக்கமாக ப்யூஸ் போடுவதில்லை என்பதால் நெளிகுழாய்க்குள் நுழைத்து, தகடு தாண்டும் இடமெல்லாம் ரப்பர் புஷ் கொடுத்து, அடிக்கு ஒரு கிளாம்ப் அடிக்கிறார். பேட்டரி பக்கத்திலேயே கட்-ஆஃப் ஸ்விட்ச். மற்ற லைன்களுக்கு அங்கேயே பெரிய ப்யூஸ். செல்ஃப் கேபிள் சேஸில் உரசித் தோல் போனால் அணைக்க ஆள் வருவதற்குள் வண்டி எரிந்துவிடும்.

பாசிட்டிவை எல்லோரும் பார்ப்பார்கள், எர்த்தை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதுதான் அவருடைய வாழ்நாள் புகார். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பரில். கேபின் உட்கார்ந்திருப்பதும் ரப்பரில். நெகட்டிவைச் சேஸில் கட்டினால் மட்டும் போதாது, சேஸிலிருந்து இன்ஜினுக்குச் செம்புப் பட்டை ஒன்று ஓட வேண்டும். அது அரித்துப்போனால் மின்சாரம் வேறு வழி தேடும். பழைய வண்டி ஒன்றில் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிப் போய், அது உள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறார். எர்த் போல்ட் வருகிற இடத்தில் பெயின்டை அவர் சுரண்டுகிற சுரண்டல் கோவில் விளக்கைப் புளி போட்டுத் துலக்குவது மாதிரி இருந்தது. பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவினார்.

கடையில் டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது. ஆனாலும் அவர் கை முதலில் போவது ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த ஒரு பழைய ஹோல்டருக்கு. இதைப் பார்த்ததும் அவருடைய கதையும் வந்தது. ஏழாவதோடு படிப்பு நின்று சேலத்தில் ஒரு பேட்டரிக் கடையில் சேர்த்துவிட்டார்கள். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவுவதும், ஆசிட் கேனைச் சுமப்பதும்தான் வேலை. வயரைத் தொட விடவில்லை. கடைக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில் குப்பையில் கிடந்த பல்பை எடுத்து இதைச் செய்துகொண்டாராம். பல்பு எத்தனையோ மாறிவிட்டது, ஹோல்டர் அதேதான்.

மீட்டர் இருக்க பல்பு எதற்கு என்றேன். ஒரு துண்டு கேபிளை எடுத்து, ஒரே ஒரு இழையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டினார். மீட்டர் வைத்தார்: 12.5. "நல்லாருக்குன்னு சொல்லுதுங்களா?" பல்பை வைத்தார். மங்கலாக எரிந்தது, இழை சூடேறிப் புகைந்தது. மீட்டர் கிட்டத்தட்ட எதையும் இழுப்பதில்லை. 55 வாட் பல்பு நாலு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. பாரம் ஏற்றினால்தான் வயரின் யோக்கியதை தெரியும். பள்ளியில் ஓம் விதியை மனப்பாடம் செய்தவன் நான். அது என்னவென்று அந்தக் கொட்டகையில்தான் பார்த்தேன்.

பெட்டி கட்டியவர் போட்டிருந்த பழைய கேபிளையும் காட்டினார். பார்க்கச் செம்பு. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. லைட்டரில் காட்டினார், செம்பு இழை சிவந்து நின்றது, மற்றது உருகிச் சுருண்டது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. தடிமன் அதே, தடை ஒன்றரை மடங்கு; கிளாம்பில் நசுங்கி நாளாக நாளாகத் தளரும். செம்பு என்று எழுதிய பில்லோடு இது விற்கிறது. நண்பர் குளிர்பெட்டிக்கு லட்சங்களில் கொடுத்தார். அந்த பில்லில் ‘வயரிங்’ என்று ஒரே ஒரு வரி. கான்ட்ராக்ட் எடுத்தவர் அந்த வரியை இன்னொருவருக்குக் கொடுத்தார், அவர் தினக்கூலிக்கு ஒரு பையனைப் பிடித்தார், பையன் கொடுத்த கேபிளை இழுத்தான். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் செம்பு குறைந்து அலுமினியமாகியிருக்கிறது. வண்டி நடுரோட்டில் நின்று மீன் நாறினால் நஷ்டம் நண்பருக்கு. பெயர் கெடுவது எலக்ட்ரீஷியனுக்கு. நடுவில் கை நீட்டியவர்கள் யாரும் ஆசிட் ஓட்டை விழுந்த சட்டை போட்டவர்கள் இல்லை. தரமான வேலைக்குக் காசு இல்லாத நாடு அல்ல இது. காசு போகிறது, வேலை செய்கிற கைக்குத்தான் போய்ச் சேர்வதில்லை.

நான் இதைச் சூடாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணா கேட்டதாகத் தெரியவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பேட்டரி நெகட்டிவிலும் இன்ஜின் உடம்பிலும் மீட்டரை வைத்தார். செல்ஃப் சுற்றும்போது 0.15 காட்டியது. 0.2 தாண்டினால் பிரித்துவிட்டு மறுபடி செய்வாராம்.

அப்போது இன்னொரு பிக்கப் வந்து நின்றது. பிஎஸ்-6 வண்டி, இதே வேலைக்குத்தான். ஓட்டி வந்தவர் கேபிளையும் வாங்கியே வந்திருந்தார், கூலி மட்டும் பேசினால் போதும் என்றார். அண்ணா கேபிள் முனையைப் பிளேடால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, "இதைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இல்லீன்னா வேற கடை பாத்துக்கங்க" என்றார். அவர் முனகினார், ஆனால் போகவில்லை. பானெட்டுக்குள் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து மெல்லிய வயர். பேட்டரிக்குப் போகிற வருகிற மின்சாரத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார். அதைத் தாண்டி எர்த் கட்டினால் கணக்கு தப்பிவிடும். வயரை நீட்டினால் கம்பெனிக்காரன் வாரண்டி போச்சு என்பான். அண்ணா குனிந்து பார்த்தார், தொடவில்லை. டிப்ளமோ முடித்துவிட்டுப் போன மாதம் சேர்ந்த பையனைக் கூப்பிட்டார். அவன் போனில் அந்த வண்டியின் வயரிங் படத்தைத் தேடி எடுத்து, விரலால் பெரிதாக்கிக் காட்டினான். இரண்டு பேரும் அதில் தலை கவிழ்ந்தார்கள்.

"இதுல எர்த் எங்கடா வருது?" என்று கேட்டார் அண்ணா.