தார்ன்பரி கோட்டையின் மீதான வழக்கு

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் மாவட்டத்தில், பிரிஸ்டல் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், செவெர்ன் ஆற்றுச் சமவெளியின் ஓரமாக அமைந்த சிற்றூர் தார்ன்பரி. அங்குள்ள கோட்டையின் மேற்கு முகப்பு பாதியில் நின்றுபோன கட்டடம். தென்மேற்கு மூலைக் கோபுரம் மட்டும் திட்டமிட்ட உயரத்துக்கு எழுந்திருக்கிறது. அங்கிருந்து வடக்கே போகப் போகச் சுவர் தாழ்ந்து, முதல் மாடிக்கு மேல் எழாமலே முடிந்துவிடுகிறது. 1521 மே 17 அன்று லண்டன் டவர் ஹில்லில் இதைக் கட்டியவரின் தலை வெட்டப்பட்டது. கட்டுமானமும் அத்தோடு நின்றது. அவர் எட்வர்ட் ஸ்டாஃபோர்ட், பக்கிங்ஹாமின் மூன்றாம் டியூக். குற்றம் ராஜத்துரோகம். இந்தக் கோட்டையையும் அந்தக் குற்றத்தின் சாட்சியாகவே பலர் படித்து வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் தனி மனிதர் ஒருவர் போரை மனத்தில் வைத்துக் கட்டிய கடைசிக் கோட்டைகளில் ஒன்று, மன்னருக்கு எதிராகப் படை திரட்டுவதற்கான இடம் என்பது அந்தப் பார்வை. சுவர்களை ஒழுங்காகப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்பது என் வாதம். ஆனால் அதே சுவர்கள் வேறொரு விஷயத்தில் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன. அவரைக் கொன்றதும் அதுதான்.

பக்கிங்ஹாமின் வாழ்க்கை வெட்டுப்பட்ட ஒரு தலையில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது. 1478-இல் வேல்ஸ் எல்லைப்புறத்து பிரெக்கன் கோட்டையில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். மூன்றாம் ரிச்சர்டை எதிர்த்து பிரெக்கனிலிருந்து கிளம்பிய இரண்டாம் டியூக், 1483 நவம்பரில் சால்ஸ்பரியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் ரிச்சர்ட் போர்க்களத்தில் மடிந்து, ஏழாம் ஹென்றி அரியணை ஏறியதும், பறிபோன பட்டமும் நிலங்களும் சிறுவனுக்குத் திரும்பக் கிடைத்தன. புதிய மன்னரின் தாய் மார்கரெட் போஃபர்ட்டின் பாதுகாப்பில் வளர்ந்தார். வளர்ந்து பொறுப்பேற்றபோது நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமைப் பிரபுக்களில் முதல் வரிசையில் இருந்தார். செல்வத்தைவிடப் பெரிது குருதி. மூன்றாம் எட்வர்டின் கடைசி மகன் தாமஸ் ஆஃப் உட்ஸ்டாக்கின் நேர்வழியில் வந்தவர் அவர். ஏழாம் ஹென்றியின் குலமான டியூடர்கள் வென்று அரியணையைப் பிடித்தவர்கள். பக்கிங்ஹாமோ பிறப்பிலேயே அதற்கு அருகில் நின்றவர்.

இனி கட்டடத்துக்கு வருவோம். 1510-இல் தார்ன்பரியில் ஞாயில் வைத்து மதில் எழுப்ப எட்டாம் ஹென்றியிடம் அவர் முறைப்படி அனுமதி பெற்றார். வாயிலில் பொறித்த கல்வெட்டு, 1511-இல் தொடங்கிய வேலை என்று ஆண்டைச் சொல்கிறது. ஆளும் மன்னரின் பெயரைச் சொல்கிறது. அதை அடுத்துத் தன் பட்டங்களை வரிசையாக அடுக்குகிறது. திருட்டுத்தனமாகப் படைவீடு கட்டுகிறவர் செய்யும் காரியம் அல்ல இது. மேற்கே ஒரு பெரிய வெளிமுற்றம், அதைச் சுற்றி ஆட்கள் தங்கும் அறை வரிசைகள், அவற்றின் வெளிச்சுவரில் துப்பாக்கித் துளைகள். போர்க்கோட்டை என்று வாதிடுவோர் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். ஆனால் உள்முற்றத்தின் தெற்குப் புறம் அந்த வாதத்தை முறித்துவிடுகிறது. டியூக்கும் டச்சஸும் வாழ்ந்த அறைகள் அங்கே இருந்தன. தோட்டத்தை நோக்கிச் சுவரிலிருந்து பிதுங்கி நிற்கும் பலகணிகள், மேல்தளத்தில் பூவிதழ் மடிப்புகள்போல வளைந்து வளைந்து போகும் கண்ணாடிப் பரப்பு. முற்றுகையை எதிர்பார்க்கிறவர் தன் படுக்கையறைக்குச் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி வைக்கமாட்டார். தோட்டத்தைச் சுற்றி ஞாயில் வைத்த மதில் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த மதிலோடு சேர்த்து அவர் அமைத்தது மரத்தாலான உலாவு மாடம். அது ஊர்த் தேவாலயம்வரை நீண்டது. படைவீரர் காவல் நிற்கும் நடை அல்ல அது, குடும்பத்தார் மழையில் நனையாமல் வழிபாட்டுக்குப் போகும் வழி. கூரைமேல் செங்கல்லில் செதுக்கிய புகைபோக்கிகள் இருக்கின்றன, ஒன்றில் 1514 என்ற ஆண்டு. திருகித் திருகி எழும் அந்தச் செங்கல் வேலை, இங்கிலாந்தில் அதன் காலத்தில் கிடைத்த மிக உயர்ந்த வேலைகளில் ஒன்று. குடும்பச் சின்னமான ஸ்டாஃபோர்ட் முடிச்சும் அதில் உண்டு.

அந்த வளைந்த பலகணிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கின் உண்மையான தடயம் அவைதான். இதே வடிவப் பலகணிகளை 1500-ஐ ஒட்டி ஏழாம் ஹென்றி விண்ட்ஸர் கோட்டையில் தனக்காகக் கட்டிய கோபுரத்தில் பார்க்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் 1503-இல் அவர் தொடங்கிய வழிபாட்டு மண்டபத்திலும் பார்க்கலாம். அதாவது, அரசன் தனக்காக வரவழைத்த பாணியைப் பக்கிங்ஹாம் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். தார்ன்பரி படையெடுப்பைப் பேசவில்லை, சமத்துவத்தைப் பேசுகிறது. ‘நானும் அரச குலம்’ என்று கல்லிலும் கண்ணாடியிலும் சொல்லும் வீடு அது.

இதற்கு வரும் வலுவான மறுப்பு வெளிமுற்றத்தைப் பற்றியது. நூற்றுக்கணக்கான ஆட்களைத் தங்கவைக்கும் இடம் படைமுகாம் அல்லாமல் வேறென்ன? அந்தக் காலப் பெரிய பிரபு எப்படி வாழ்ந்தார் என்பதை மறந்தால்தான் இந்தக் கேள்வி வலுவாகத் தோன்றும். 1507-08 ஆண்டுக்கான அவரது வீட்டுக் கணக்கு கிடைத்திருக்கிறது. புதிய கோட்டை எழுவதற்கு முன்பே, தார்ன்பரியின் பழைய வீட்டில், ஜனவரித் திருவிழா நாளில் நூற்றுக்கணக்கானோர் பந்தியில் உண்டிருக்கிறார்கள். பிரபுக்கள், அவர்களின் சேவகர்கள், துறவிகள், இசைக்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் அதில் அடக்கம். இத்தனை பேருக்குச் சோறு போடுவதும் படுக்க இடம் தருவதும்தான் பிரபுத்துவத்தின் அடையாளம். ஆனால் அந்த ஆட்கள் ஆயுதம் எடுக்கக் கூடியவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் பிரபுவின் சீருடை அணிந்தவர்கள், அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். இந்த ஏற்பாட்டைத்தான் டியூடர் அரசு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிக்கொண்டிருந்தது. 1519-இல் மன்னரின் சேவகரான சர் வில்லியம் புல்மர், மன்னர் முன்னிலையிலேயே பக்கிங்ஹாமின் சீருடையில் வந்து நின்றபோது ஹென்றி கடுங்கோபம் கொண்டார். தன் ஆள் இன்னொருவர் சட்டையைப் போடுவதா என்பதே அவர் கேள்வி. பழைய உலகில் மரியாதையாக இருந்தது புதிய உலகில் மிரட்டலாக மாறியிருந்தது. அந்த மாற்றம் பக்கிங்ஹாமின் கண்ணில் படவே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அதே காலத்தில் இன்னொரு கட்டடம் இருக்கிறது. 1514-இல் நிலத்தை எடுத்து, அடுத்த ஆண்டிலிருந்து மன்னரின் முதன்மை அமைச்சரான கார்டினல் வுல்ஸி ஹாம்ப்டன் கோர்ட் மாளிகையைக் கட்டினார். பரப்பிலும் பகட்டிலும் அது தார்ன்பரிக்குக் குறைந்ததல்ல. வுல்ஸியின் வீட்டிலும் நூற்றுக்கணக்கான சேவகர்கள் இருந்தார்கள். ஆனாலும் அந்த மாளிகையைச் சதியின் சின்னமாக யாரும் சொல்லவில்லை. காரணம் எளியது: வுல்ஸி இப்ஸ்விச் ஊர்க் கசாப்புக்காரர் ஒருவரின் மகன். அவர் எவ்வளவு பெரிய வீடு கட்டினாலும் மன்னராக முடியாது. பக்கிங்ஹாம் ஆக முடியும். 1516-இல் பிறந்த மேரியைத் தவிர ஹென்றிக்குச் சட்டப்படியான வாரிசு இல்லை. மகன் பிறந்து நிலைக்கவில்லை. இந்தச் சூழலில் 1519-இல் பக்கிங்ஹாம் தன் மகனுக்கு உர்சுலா போலை மணமுடித்தார். அவர் யார்க் அரச குலத்தில் வந்த மார்கரெட் போலின் மகள். இரண்டு அரச ரத்தங்கள் ஒரு தொட்டிலில் சேரும் திருமணம் அது. கல்லில் சொன்னதைக் குடும்பத்திலும் சொன்னார் டியூக்.

அப்படியானால் விசாரணையில் வெளிவந்தது என்ன? 1521 ஏப்ரலில் தார்ன்பரியிலிருந்து லண்டனுக்கு அழைக்கப்பட்டு, வழியில் கைதானார். மே 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விசாரணை. சாட்சி சொன்னவர்கள் அவரது வீட்டுக்குள் இருந்தவர்கள்: வேலையிலிருந்து நீக்கப்பட்ட நிலக் கண்காணிப்பாளர் சார்ல்ஸ் நிவெட், வீட்டுச் செயலர் ராபர்ட் கில்பர்ட், அவரது பாவ அறிக்கையைக் கேட்கும் பாதிரியார் ஜான் டெலகோர்ட். நிக்கலஸ் ஹாப்கின்ஸ் என்ற துறவி, டியூக் ஒரு நாள் மன்னர் ஆவார் என்று சொன்னதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. புல்மர் விவகாரத்தில் தன்னைச் சிறையில் அடைத்தால், தன் தந்தை மூன்றாம் ரிச்சர்டை அணுகிக் குத்திக் கொல்ல நினைத்ததுபோலத் தானும் செய்வேன் என்று பேசினார் என்பது இன்னொன்று. இதில் கவனிக்க வேண்டியது, குற்றச்சாட்டின் எடையெல்லாம் பேச்சின்மேல் விழுந்தது என்பதே. மன்னரின் சாவை மனத்தில் நினைப்பதே துரோகம், பேச்சு அந்த நினைப்புக்குச் சான்று என்பது அன்று நீதிபதிகள் கொண்ட நிலை. தீர்ப்பைப் படித்தவர் நார்ஃபோக் டியூக் தாமஸ் ஹோவர்ட். பக்கிங்ஹாமின் மகள் எலிசபெத்தை மருமகளாகக் கொண்ட சம்பந்தி அவர். மரண தண்டனையை வாசிக்கும்போது அவர் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீர் உண்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை.

எதிர்த்தரப்பில் இன்னும் ஒரு கனமான சான்று உண்டு. 1520-இன் இறுதியில் பக்கிங்ஹாம் தன் வேல்ஸ் நிலங்களுக்குப் போக, ஆயுதம் தாங்கிய பல நூறு பேரை அழைத்துச் செல்ல அனுமதி கேட்டார். 1483-இல் அவர் தந்தை கலகத்துக்குக் கிளம்பிய அதே பிரெக்கன் பகுதிக்கு, அதே பட்டமுடைய டியூக், படையோடு. ஹென்றிக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கலகம் செய்யப்போகிறவர் அதற்கு மன்னரிடமே அனுமதி கேட்பது இயல்பல்ல. அதைவிட நேரான காரணம் இருக்கிறது: குத்தகைக்காரர்களிடம் அவர் கண்டிப்பானவர், வேல்ஸ் மக்கள் வாடகை பாக்கிக்காக அவரோடு நீண்ட காலம் மோதினார்கள். பாதுகாப்பின்றி அங்கே போய்ப் பணம் வசூலிக்க அவரால் முடியாது. தார்ன்பரியிலும் அதே கதைதான். மான் வேட்டைக் காடு அமைக்க நல்ல விளைநிலத்தை வேலியிட்டு வளைத்தார். பயிர் செய்தவர்கள் சபித்ததை, பிற்காலத்தில் அவ்வழியே போன பயணி ஜான் லெலண்ட் பதிவு செய்திருக்கிறார். துரோகி அல்ல என்று வாதிடுவதற்காக அவரை நல்லவராக்க வேண்டிய அவசியமில்லை. வேட்டைக்காக விளைநிலத்தைப் பறித்தவரின் கொடுமை வேறு, அரியணையைப் பறிக்கத் திட்டமிடுவது வேறு. முன்னதற்கு ஆதாரம் மண்ணில் இருக்கிறது. அதற்கு எந்த மன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை.

டியூக் இறந்த பிறகு மன்னர் என்ன செய்தார் என்பதுதான் கட்டடத்தைப் பற்றிய கடைசிச் சான்று. கலகக்காரரின் அரணைக் கைப்பற்றும் அரசர்கள் அதைத் தகர்ப்பார்கள், அல்லது காவல்படை வைப்பார்கள். ஹென்றி இரண்டையும் செய்யவில்லை. 1521-இலேயே அலுவலர்களை அனுப்பி வீட்டையும் தோட்டங்களையும் வேட்டைக் காடுகளையும் கணக்கெடுக்கச் செய்தார். எது கட்டி முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். 1525-இல் இளவரசி மேரி அங்கே தங்கினாள். 1535 ஆகஸ்டில் ஹென்றியே அரசி ஆன் போலினோடு வந்து பத்து நாளளவில் தங்கினார். பிரிஸ்டலில் கொள்ளைநோய் இருந்ததால் நகருக்குள் போகாமல் தார்ன்பரியிலேயே இருந்துகொண்டார். நகரத்தார் காணிக்கைகளோடு அங்கே வந்து அவரைக் கண்டார்கள். போர்க்கோட்டை என்று அவர் உண்மையில் நினைத்திருந்தால், மேற்கு முகப்பை முடித்து அரணாக்கியிருப்பார், அல்லது வெளிமுற்றத்தை இடித்திருப்பார். தனக்குப் பிடித்த பாணியில் கட்டிய அறைகளும் தோட்டமும் வேட்டைக் காடும்தான் அவருக்கு வேண்டியிருந்தன. வெளிமுற்றத்துத் துப்பாக்கித் துளைகளை அவர் காலத்தில் யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அவை இன்றும் அப்படியே இருக்கின்றன.