பெட்டி எண்

என் மகள் டிண்டரில் ஒரு பையனோடு பழகுகிறாள் என்று தெரிந்த அன்று, "அது என்ன சந்தையா, நீ போய் நிக்கிறதுக்கு?" என்று கத்தினேன். அவள் பதில் பேசவில்லை. என்னை மடக்குவதற்கான ஆதாரம் அவளிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது.

1994. மதுரை. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தங்கைக்கு வயது 31. தரகர்கள் ஜாதகத்தை வாங்குவார்கள். மூல நட்சத்திரம் என்றதும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாமனாருக்கு ஆகாதாம். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் 'மணமகன் தேவை' கொடுக்கலாம் என்று முடிவெடுத்தவன் நான். வார்த்தைக் கணக்கில் காசு என்பதால் கவுண்டரில் நின்றபடியே சுருக்கிச் சுருக்கி எழுதினேன். முதலில் சாதி, அப்புறம் உட்பிரிவு. வயது 28. 'சிவந்த நிறம், குடும்பப் பாங்கு.' அவள் என்னைவிடக் கறுப்பு. கணக்கில் பட்டம் வாங்கி, ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவளுக்கு 'பட்டதாரி' என்ற ஒரு சொல் போதும் என்று நினைத்தேன். 'சிவந்த' என்பதற்குக் காசு கொடுக்க யோசிக்கவே இல்லை. நட்சத்திரத்தை விட்டுவிட்டேன்.

அச்சில் வந்தபிறகுதான் அவளுக்குக் காட்டினேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் இடது கையால் வாங்கிப் படித்தாள். "யாருண்ணே இந்தப் பொண்ணு?" என்றாள். கேலி பண்ணுகிறாள் என்று நானும் சிரித்தேன்.

பெட்டி எண் கொடுத்திருந்ததால் கடிதங்களைப் பேப்பர் ஆபீசே சேர்த்துக் காக்கிக் கவரில் அனுப்பியது. பிரித்தது, படித்தது, கழித்தது எல்லாம் நான்தான். வேறு சாதிக் கடிதங்கள் நேராக வெந்நீர் அடுப்புக்குப் போயின. ஒன்று மட்டும் இன்லண்ட் லெட்டர், மாப்பிள்ளையே எழுதியது. பெரியவர்கள் பெயரைக் காணோம், சம்பளமும் இல்லை. இந்த விளம்பரத்தில் உங்கள் தங்கைக்குச் சம்மதமா, அவர் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். என்ன திமிர் என்று தோன்றியது. அதையும் அடுப்பில் போட்டேன். முகவரியை மறந்துவிட்டேன், அந்தச் சாய்ந்த கையெழுத்து மறக்கவில்லை.

நான் பொறுக்கியெடுத்த இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு அவள் நிற்கும்போதே பையனின் அம்மா, "பேப்பர்ல செவப்புன்னுல்ல போட்டிருந்துச்சு" என்றார். அச்சுப் பிழை என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். மூன்று வருஷம் கழித்து ஒரு தரகர் மூலமாகத்தான் அவள் கல்யாணம் நடந்தது.

2020-ல் ஷாதி டாட் காம் தளத்தில் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்தார்கள் அல்லவா? அதைப் பாராட்டி முகநூலில் நீளமாக எழுதினேன். தங்கையும் லைக் போட்டிருந்தாள். அன்றைக்காவது அவளுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். "உன் பொண்ணு பழகுற அந்தப் பையன்கிட்ட நான் பேசிட்டேண்ணே. நல்லாத்தான் பேசுறான். அவளுக்குப் புடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்றாள்.

நான் கேட்கவில்லை. இன்லண்ட் லெட்டர் விஷயத்தையும் அப்போது சொல்லவில்லை. இதையும் அவள் அச்சில் வந்தபிறகுதான் படிக்கப்போகிறாள்.