துணி இறக்கை

டைகர் மாத் விமானத்தின் இறக்கையைப் போர்த்தியிருப்பது துணி என்றால் ஊரில் பலர் நம்புவதில்லை. 1931-இல் முதன்முதலாகப் பறந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானிகளுக்கும் இந்திய விமானப்படையினருக்கும் பாலபாடம் சொல்லிக்கொடுத்த விமானம் அது. உள்ளே மரச் சட்டம், மேலே லினன். இங்கிலாந்தில் பழைய விமானங்களைச் செப்பனிடும் ஒரு பட்டறையில் அந்தத் துணி வேலையைக் கற்கச் சேர்ந்தேன்.

என் ஆசான் எழுபதைக் கடந்தவர், அதிகம் பேசமாட்டார். முதலில் அவர் கொடுத்தது ஊசிகூட இல்லை. நூலும் தேன்மெழுகுக் கட்டியும்தான். விரலில் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை நூலை மெழுகில் இழுக்க வேண்டும். பதம் குறைந்தால் முடிச்சு நழுவும்.

அடுத்தது விலாத் தையல். இறக்கைக்கு வடிவம் தரும் மெல்லிய மரச் சட்டங்களை விலா என்போம். பறக்கும்போது மேல்துணியைக் காற்று உறிஞ்சித் தூக்கும். அது பிய்ந்துவிடாமல் மேல்துணியையும் கீழ்த்துணியையும் விலாவோடு சேர்த்துக் கட்டுவதுதான் வேலை. நீள ஊசியை விலாவை ஒட்டி இறக்கி, மறுபக்கம் ஏற்றி முடிச்சிட வேண்டும். முடிச்சு விலாவின் ஓரத்தில் உட்கார வேண்டும். என்னுடையவை நடுவில் துருத்திக்கொண்டு நின்றன. விறைப்பாக இழுத்தால் நூல் துணியை அறுத்தது. பயந்து தளர்த்தினால் துணி எழும்பியது. ஆசான் வரிசையை விரலால் தடவிப் பார்ப்பார். ஒன்று பிசகியிருந்தாலும் பிளேடால் வரிசை முழுவதையும் அறுத்துவிடுவார். “ஒன்றுதானே?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “கிழிசல் அந்த ஒன்றில்தான் ஆரம்பிக்கும்” என்றார்.

நான் சோர்ந்திருந்த ஒரு மாலையில், டைகர் மாத்தை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் மனைவி லூயியைப் பற்றிச் சொன்னார். கணவர் கட்டிய முதல் விமானத்தின் இறக்கைத் துணியைத் தைத்தவர் அவர். அது முதல் முயற்சியிலேயே விழுந்து நொறுங்கியது. 1910-இல் அடுத்த விமானம் பறந்தது. சொன்னது ஆறுதலா எச்சரிக்கையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டோப் பூசுவது தனிப் பாடம். அந்தக் கரைசல் காயக் காயத் துணி சுருங்கி விறைக்கும். மழை ஈரம் மிகுந்த ஒரு காலையில் அவசரப்பட்டுப் பூசினேன். ஆவியாகும் கரைசல் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஆசான் ஏசவில்லை, சுவரில் தொங்கும் ஈரமானியைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

கை எப்போது திருந்தியது என்று சொல்லத் தெரியவில்லை. முடிச்சு இறுகும்போது நூல் சட்டென்று பிடித்துக்கொள்ளும் ஒரு கணம் உண்டு. அங்கே நிறுத்திவிட வேண்டும். அது விரலுக்குப் பிடிபட்ட பிறகு வந்த ஒரு வரிசையைத் தடவிய ஆசான், பிளேடை எடுக்கவில்லை. கடைசிப் பூச்சு காய்ந்தபின் சுண்டிப் பார்த்தேன்; தவில் போல ஒலித்தது.

மேல் இறக்கைகள் முடிந்துவிட்டன. கீழ் இறக்கைகளின் தையலை என்னிடமே விட்டுவிட்டார். டோப் பூசும் நாளை மட்டும் தானே சொல்வாராம்.